சங்கடத்துக்கு ஒழுங்கீனம் என்று பெயர் வைக்காதீர்கள்

பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும் தலைமையாசிரியர் அவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பத்தாம் வகுப்பு மாணவிகள் மூவர் எழுதிய கட்டுரையைச் சுவரிதழ்ப் பலகையிலிருந்து எடுத்தீர்கள். மறுநாள் அவர்களை அலுவலக வாசலில் நிற்கவைத்து மன்னிப்புக் கடிதம் வாங்கினீர்கள், இலக்கிய மன்றத்திலிருந்தும் நீக்கினீர்கள். அந்த வாரமே, அலுவலக முத்திரை இல்லாத எந்த எழுத்தும் இனிப் பலகையில் ஏறக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டீர்கள். இப்போது ஆறாம் வகுப்பிலிருந்து மேலே எல்லா மாணவர்களிடமும் ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுத்திருக்கிறீர்கள். பள்ளியைப் பற்றியோ ஆசிரியர்களைப் பற்றியோ சமூக ஊடகங்களிலும் பிற இடங்களிலும் எதிர்மறையாக எழுதவோ பேசவோ மாட்டேன், மீறினால் நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுவேன் என்கிறது படிவம். கீழே மாணவர் கையெழுத்து, அதற்கும் கீழே பெற்றோர் கையெழுத்து.

அந்தச் சுவரிதழுக்கு என் பணிக்காலத்தின் பெரும்பகுதி பொறுப்பாசிரியையாக இருந்தவள் நான். ஓய்வு பெற்றவர் பள்ளி விவகாரத்தில் மூக்கை நுழைக்கக்கூடாது என்று ஒதுங்கித்தான் இருந்தேன். படிவத்தைக் கொண்டுவந்து காட்டியவர் என் பழைய மாணவி. அவர் மகள் இப்போது உங்களிடம் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். "கையெழுத்துப் போடவா, வேண்டாமா டீச்சர்?" என்று கேட்டார். போடாதே என்றேன். அவரிடம் சொன்ன காரணங்களை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது முறையில்லை. அதனால் இந்த மடல்.

முதலில் அந்தக் கட்டுரை. அதை எடுப்பதற்கு முன்பே யாரோ கைபேசியில் படம் பிடித்திருக்கிறார்கள், நானும் படித்தேன். மாணவிகள் கழிப்பறை வகுப்பு நேரத்தில் பூட்டியிருக்கிறது. சாவி அலுவலகத்தில் தொங்குகிறது. வேண்டுமென்றால் வகுப்பாசிரியரிடம் துண்டுச்சீட்டு வாங்கி, அதை அலுவலக உதவியாளரிடம் காட்டி, எதற்கு என்று அவர் கேட்டால் பதிலும் சொல்லிச் சாவி வாங்க வேண்டும். இதற்குக் கூச்சப்பட்டுப் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் சிலர் பள்ளிக்கே வருவதில்லை. கட்டுரையில் இருந்தது இவ்வளவுதான். யாருடைய பெயரும் இல்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. குழாய்களை உடைக்கிறார்கள் என்பதுதானே பூட்டுக்குக் காரணம், அப்படியானால் கவனித்துக்கொள்ள நாங்களே முறை போட்டுக்கொள்கிறோம் என்று கடைசிப் பத்தியில் ஒரு வழியும் சொல்லியிருந்தார்கள். இரண்டு இடங்களில் வல்லினம் மிகவில்லை. தமிழாசிரியையாக அந்தக் கட்டுரைமேல் எனக்குள்ள புகார் அது ஒன்றுதான்.

சுற்றறிக்கை இதை "ஒழுங்கீனம்" என்கிறது, "பள்ளியின் நற்பெயருக்குக் களங்கம்" என்கிறது. அந்தக் கட்டுரையால் எந்த வகுப்பு நின்றது? எந்த ஆசிரியரால் பாடம் நடத்த முடியாமல் போனது? யார் மிரட்டப்பட்டார்கள், யார் அவமானப்பட்டார்கள்? எதுவும் நடக்கவில்லை. நடந்தது, நிர்வாகத்துக்கு ஒரு சங்கடம். பெற்றோர் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்தப் பலகை அப்படி நின்றது என்பதுதான் சங்கடம். சங்கடப்படுவது தவறில்லை, நிர்வாகம் நடத்துகிறவர்கள் சங்கடப்படத்தான் வேண்டியிருக்கும். அந்தச் சங்கடத்தை மூன்று பிள்ளைகளின் நடத்தைக் குறிப்பேட்டில் குற்றமாக எழுதி வைத்தீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

"பலகையில் ஒட்டுவதற்கு முன் எங்களிடம் நேரில் சொல்லியிருக்கலாமே" என்று தலைமையாசிரியர் அவர்கள் பெற்றோரிடம் கேட்டதாக அறிகிறேன். நியாயமான கேள்வி. அதனால் விசாரித்தேன். சொல்லியிருக்கிறார்கள். வகுப்பாசிரியரிடம் சொன்னபோது, அலுவலகத்தில் பேசுகிறேன் என்றிருக்கிறார். அவர் பேசியும் இருக்கிறார். பிறகு மாணவர் குறைப்பெட்டியில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெட்டியை யார் திறப்பது, எப்போது திறப்பது என்று பள்ளியில் யாருக்கும் தெரியவில்லை. அதன் சாவியும் அலுவலகத்தில் எங்கோ தொங்குகிறதாம். சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் சொல்லிவிட்டு, கேட்க ஆளில்லாதபோதுதான் பலகைக்கு வந்தார்கள். பெரியவர்கள்கூட இவ்வளவு வரிசையாகப் போகமாட்டார்கள்.

அலுவலகத்தில் அவர்களிடம் முதலில் கேட்கப்பட்டது, "யார் எழுதிக் கொடுத்தது?" என்பதாம். கட்டுரையில் எழுதியது உண்மையா என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை நன்றாக எழுதினால் போட்டிக்கு அனுப்பிக் கோப்பையை வாங்கி உங்கள் அறையில் அடுக்குகிறீர்கள். அதே பிள்ளை அதே நடையில் பள்ளியைப் பற்றி எழுதினால், பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று தேடுகிறீர்கள். காரணம் காட்டி எழுது, ஆதாரம் கொடு, தீர்வு சொல் என்று கட்டுரைப் பாடத்தில் நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்? பின்னால் இருந்தது அந்தப் பாடம்தான்.

சுவரிதழ் என்பது மாணவர் பொழுதுபோக்கு என்று புதிய நிர்வாகம் நினைக்கக்கூடும். அது என்ன செய்தது என்று பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கடைசி வரிசையிலிருந்து கரும்பலகை எப்படித் தெரியும் என்று ஒரு படம் வரைந்து கொடுத்தான். சன்னல் வெளிச்சம் பட்டுப் பலகையின் பாதி வெள்ளையாக இருந்தது. கீழே, "இந்தப் பாதியில் இருக்கும் கணக்கு எனக்கு வராது" என்று எழுதியிருந்தான். நாங்கள் சிரித்தோம். பிறகு கணக்காசிரியர் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, பலகையை எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொன்னார். அந்த வகுப்பறையில் எத்தனையோ ஆண்டுகளாகப் பாடம் நடத்திய எங்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லாவிட்டால் இந்த மடலுக்குப் பொருளில்லை. சுவரிதழுக்கென்று நான் வைத்திருந்த பெட்டியில் ஒருமுறை பெயரில்லாத ஒரு சிறுகதை கிடந்தது. பள்ளி வண்டியில் கடைசியாக இறங்கும் ஒரு முயல்குட்டி, கதவருகே நிற்கும் ஓநாய், தினமும் அந்தக் கடைசிச் சில நிமிடங்கள். கதை என்று பார்த்தால் ஒன்றுமில்லை, முடிவுகூட இல்லை. ஆனால் அதைப் படித்த எந்தப் பெரியவருக்கும் அன்றிரவு தூக்கம் வந்திருக்காது. கையெழுத்தைத் தேடி அந்தக் குழந்தையைக் கண்டுபிடித்தோம். அன்றைய தலைமையாசிரியர் அந்த வண்டி உதவியாளரை அன்றே நீக்கியதோடு விடாமல், சட்டப்படி செய்ய வேண்டியதையும் செய்தார். அந்தக் குழந்தை அம்மாவிடம் சொல்லவில்லை, வகுப்பாசிரியரிடம் சொல்லவில்லை, குறைப்பெட்டியிலும் போடவில்லை. கதையாகத்தான் அவளால் சொல்ல முடிந்தது. உங்கள் புதிய விதிப்படி அந்தக் கதை எங்கே போயிருக்கும்? அலுவலக மேசைக்கு. பள்ளி வண்டியைப் பற்றி எதிர்மறையாக இருக்கிறது என்று முத்திரை மறுக்கப்பட்டிருக்கும். படிவத்தில் கையெழுத்துப் போட்ட குழந்தையாக இருந்திருந்தால், அவள் எழுதியே இருக்கமாட்டாள்.

எதையும் எழுதலாம், எதையும் ஒட்டலாம் என்று நான் வாதாடவில்லை. நானே எத்தனையோ எழுத்துகளை மறுத்திருக்கிறேன். திக்கிப் பேசும் ஆசிரியரைக் கிண்டல் செய்த கவிதை ஒன்று. யாப்பு பிரமாதம், ஆனாலும் ஒட்டவில்லை. உடன் படிக்கும் பெண்ணின் நிறத்தைச் சொல்லி எழுதிய துணுக்கு, ஒரு மாணவனின் வீட்டு விவகாரத்தை ஊருக்குச் சொன்ன "கதை", ஒருவரை அடிப்போம் என்று மறைமுகமாகச் சொன்ன வரிகள் ஆகியவற்றையும் ஏற்கவில்லை. ஒவ்வொரு முறையும் எழுதியவரைக் கூப்பிட்டு, ஏன் ஒட்டவில்லை என்பதை உட்காரவைத்துச் சொன்னேன். வாதாடிய பிள்ளைகளும் உண்டு, சில நேரம் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தால் ஒட்டியும் விட்டேன். இன்னொரு மனிதரைப் புண்படுத்துகிறதா, பாதுகாப்பைக் கெடுக்கிறதா என்பதுதான் என் அளவுகோல். நிர்வாகத்துக்குப் பிடிக்குமா என்பதை அளவுகோலாக வைத்திருந்தால், அந்தப் பலகையில் தலைவர்கள் பிறந்தநாள் வாழ்த்தும் பொன்மொழிகளும் மட்டும்தான் இருந்திருக்கும்.

இது என் சொந்த அளவுகோலும் அல்ல. ஐக்கிய நாடுகள் சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இருக்கிறது. 196 தரப்பினர் அதில் இணைந்திருக்கிறார்கள். ஐநா உறுப்பு நாடுகளில் அமெரிக்கா ஒன்றுதான் இன்னும் உறுதி செய்யவில்லை. அதன் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்கிறது. 13ஆம் பிரிவு பேச்சு, எழுத்து, அச்சு, கலை, குழந்தை தேர்ந்துகொள்ளும் வேறு எந்த வழி என்று எல்லாவற்றையும் சொல்கிறது. கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அது சட்டத்தில் இருக்க வேண்டும், பிறர் உரிமையையும் மதிப்பையும் காக்கவோ, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கநெறி இவற்றைக் காக்கவோ அவசியமானதாக இருக்க வேண்டும். கழிப்பறைச் சாவியைப் பற்றிய கட்டுரை இதில் எதைக் கெடுத்தது? பள்ளி ஒழுங்கை நிலைநாட்டும் முறை குழந்தையின் மனித மாண்புக்கு ஒத்ததாக இருக்க வேண்டும் என்கிறது 28ஆம் பிரிவு. பிள்ளைகளை அலுவலக வாசலில் நிற்கவைத்தபோது, போகிற வருகிறவர்களெல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2001இல் வெளியிட்ட தன் முதல் பொது விளக்கக் குறிப்பில் இன்னும் நேராகவே சொல்லிவிட்டது: பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வருவதால் குழந்தைகள் தங்கள் மனித உரிமைகளை இழந்துவிடுவதில்லை.

உடன்படிக்கையை உறுதி செய்யாத அமெரிக்காவிலேயே 1965 டிசம்பரில் என்ன நடந்தது என்று பாருங்கள். டெ மொய்ன் நகரத்து மாணவர்கள் சிலர் வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புக் கைப்பட்டி அணிந்து பள்ளிக்கு வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும், பள்ளி முதல்வர்கள் அவசரமாகக் கூடிக் கைப்பட்டிக்குத் தடை விதித்தார்கள். அணிந்து வந்தவர்களை இடைநீக்கம் செய்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்கு வயது 13. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1969 பிப்ரவரியில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மாணவர்கள் வென்றார்கள். ஏதாவது கலவரம் வந்துவிடுமோ என்ற பொத்தாம்பொதுவான பயம் மட்டும் போதாது, பள்ளி வேலைக்கு உண்மையிலேயே பெரிய இடையூறு வரும் என்று நிர்வாகம் காட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. அந்தப் பள்ளிகளில் வேறு அரசியல் சின்னங்கள் அணிந்து வந்தவர்களை யாரும் தடுக்கவில்லை என்பதையும் நீதிபதிகள் கவனித்தார்கள். உங்கள் பலகையிலும் பள்ளியைப் புகழ்ந்த எதுவும் ஒருநாளும் முத்திரைக்காகக் காத்திருந்ததில்லை.

கேரளத்தில் 1985இல் நடந்ததும் இதற்கு நெருக்கமானது. உடன்பிறந்த மூன்று பிள்ளைகள் நாட்டுப்பண் பாடும்போது எழுந்து நின்றார்கள், மதநம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதில் உங்கள் கவனத்துக்கு நான் வைக்க விரும்புவது ஒரு நுணுக்கம். கல்வித்துறையின் சுற்றறிக்கைகளைக் காட்டித்தான் பிள்ளைகளை நீக்கினார்கள். சட்டப் பின்புலம் இல்லாத துறைச் சுற்றறிக்கையை வைத்து அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது என்றது நீதிமன்றம். ஓர் அரசுத் துறையின் சுற்றறிக்கைக்கே அந்த நிலை.

உங்கள் வழக்கறிஞர் வேறொரு தீர்ப்பை எடுத்து நீட்டக்கூடும். 1988இல் அதே அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹேசல்வுட் என்ற இடத்துப் பள்ளி இதழிலிருந்து பதின்வயதுக் கர்ப்பம், பெற்றோரின் மணமுறிவு பற்றிய கட்டுரைகளை முதல்வர் நீக்கியது செல்லும் என்றது. பள்ளியின் பெயரில் வரும் இதழ், பாடத்தின் பகுதியாக வரும் இதழ், அதனால் கூடுதல் அதிகாரம் உண்டு என்பது வாதம். இருக்கட்டும். அங்கும்கூட, கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு பிடிக்காமல் பல மாநிலங்கள் மாணவர் இதழ்களைக் காக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தன. அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா என்பதைப் பொறுத்துச் சட்டத்தின் பிடி நாட்டுக்கு நாடு மாறும், அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வழக்கில் தப்ப முடியுமா என்று பார்த்துத்தான் பிள்ளைகளை நடத்துவோம் என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பெற்றோர் முடிவு செய்துகொள்வார்கள்.

உறுதிமொழிப் படிவத்துக்கு வருகிறேன். சுவரிதழ்த் தடையைவிட இது மோசமானது. பலகை உங்கள் சுவரில் இருக்கிறது, அதில் உங்களுக்கு ஒரு பேச்சாவது உண்டு. வீட்டில், இரவில், தோழியிடம் கைபேசியில் ஒரு பிள்ளை சொல்வதில் உங்களுக்கு என்ன இருக்கிறது? "எதிர்மறை" என்றால் எது என்று படிவத்தில் ஓர் இடத்திலும் இல்லை. "இன்றைக்கு அறிவியல் வகுப்பு புரியவே இல்லை" என்பது எதிர்மறையா? அளவு சொல்லாத விதிக்குப் பயப்படுகிற பிள்ளை எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளும். 2021இல் அமெரிக்காவில் இதே கேள்வி வந்தது. வார இறுதியில், பள்ளிக்கு வெளியே, கோபத்தில் ஒரு மாணவி சமூக ஊடகத்தில் போட்ட கெட்ட வார்த்தைப் பதிவுக்காகப் பள்ளி அவளை, விளையாட்டுப் போட்டிகளில் ஆடிப்பாடி அணியை ஊக்கப்படுத்தும் உற்சாகக் குழுவிலிருந்து ஓராண்டுக்கு நீக்கியது. உச்ச நீதிமன்றத்தில் எட்டுக்கு ஒன்று என்று அவள் பக்கம் தீர்ப்பு வந்தது. மிரட்டல், பிறரைத் துன்புறுத்துவது போன்றவற்றில் பள்ளி தலையிடலாம். அதைத் தாண்டி வளாகத்துக்கு வெளியே பள்ளியின் கை அவ்வளவு நீளமில்லை என்றார்கள். அந்தப் பெண் எழுதியதோ உண்மையிலேயே வசை. உங்கள் பிள்ளைகள் எழுதியது விண்ணப்பம்.

இன்னொருவரைப் பற்றியும் பேச வேண்டும். இப்போதைய பொறுப்பாசிரியருக்குக் குறிப்பாணை கொடுத்திருக்கிறீர்கள். எனக்குப் பின் வந்தவர், இளையவர். மாணவர் எழுத்துக்காக ஆசிரியரைப் பிடிப்பது புதிதல்ல. பிரான்சில் செலஸ்தன் ஃப்ரெனே என்ற ஆசிரியர் 1924இல் வகுப்பறைக்குள் ஓர் அச்சுப்பொறியைக் கொண்டுவந்து, பிள்ளைகள் தாங்களே எழுதியதைத் தாங்களே அச்சடிக்கச் செய்தார். குறைகளுக்கும் பாராட்டுகளுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கிய சுவரிதழும் அவர் முறையில் உண்டு. 1930களின் தொடக்கத்தில் ஒரு குழந்தை தன் கனவை எழுதிய தாளைக் காட்டியே எதிரிகள் ஊரைக் கிளப்பிவிட்டார்கள். அவர் அப்போது வேலை பார்த்த பள்ளியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. போய்த் தனியாக ஒரு பள்ளி தொடங்கினார், அது வேறு கதை. உங்கள் பொறுப்பாசிரியர் அப்படித் தனியாகப் பள்ளி தொடங்கமாட்டார். அடுத்த முறை ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினால், "இதெல்லாம் வேண்டாம்மா, இயற்கை பற்றி எழுது" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும்படி அவரைப் பழக்குகிறவர்கள் நீங்கள்.

நான் கேட்பவற்றைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன்.

உறுதிமொழிப் படிவத்தை முழுவதுமாகத் திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே கையெழுத்தாகி வந்தவற்றைப் பெற்றோரிடமே கொடுத்துவிடுங்கள். சொற்களை மாற்றித் திருத்திய படிவம் என்று ஒன்று வேண்டாம். பிறரைத் துன்புறுத்துவதற்கும் மிரட்டுவதற்கும் எதிரான விதி பள்ளியில் முன்பே இருக்கிறது, அது போதும்.

மூன்று மாணவிகளிடம் வாங்கிய மன்னிப்புக் கடிதங்களைத் திருப்பிக் கொடுங்கள். நடத்தைக் குறிப்பேட்டில் எழுதியதை அடித்து, அடித்ததற்குத் தலைமையாசிரியர் கையொப்பமிட வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்து அவர்கள் வாங்கப்போகும் சான்றிதழில் இதன் நிழல்கூட விழாது என்று பெற்றோருக்கு எழுத்தில் கொடுங்கள். இலக்கிய மன்றத்திலிருந்து நீக்கியதையும் ரத்து செய்யுங்கள்.

பொறுப்பாசிரியருக்குக் கொடுத்த குறிப்பாணையை விலக்கிக்கொள்ளுங்கள்.

சுவரிதழை மீண்டும் தொடங்குங்கள். முத்திரை வேண்டாம். எதை ஒட்டக்கூடாது என்பதற்கு ஒரு பக்க விதியை மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் சேர்ந்து எழுதட்டும். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், அதன்மேல் முறையிட ஓர் இடமும் இருக்க வேண்டும். எழுதியவர் விரும்பினால் பெயரை மறைக்கலாம் என்பதையும் அந்த விதியில் சேருங்கள். அந்த முயல்குட்டிக் கதைக்காக இதைக் கேட்கிறேன்.

குறைப்பெட்டியை ஆசிரியர் ஒருவரும் மாணவப் பிரதிநிதி ஒருவரும் சேர்ந்து வாரம் ஒருமுறை திறக்கட்டும். வந்த குறைகளும் எடுத்த நடவடிக்கையும் அறிவிப்புப் பலகையில் வர வேண்டும்.

கழிப்பறையைத் திறந்து வையுங்கள். இதற்குக் குழு வேண்டாம், கூட்டம் வேண்டாம், நாளைக் காலையிலேயே செய்யலாம்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள், ஏன் என்பதை அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். கட்டுரை எழுதிய அந்த மூவருக்கு அனுப்புங்கள். அவர்கள் கேட்டதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
சுவரிதழின் முன்னாள் பொறுப்பாசிரியை
(பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை)